நட்டைத் திருப்பும் நாட்கள்: கால் நீட்டிப்புச் சிகிச்சையில் வரும் சிக்கல்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது, மருந்துச் சீட்டோடு ஒரு ஸ்பேனரையும் பெற்றோர் கையில் கொடுத்து அனுப்பும் அறுவை சிகிச்சை இது. சைக்கிள் கடையில் கிடைக்கும் அதே 10 மில்லிமீட்டர் ஸ்பேனர்தான். குழந்தையின் கீழ்க்காலைச் சுற்றி உலோக வளையங்கள் இருக்கும். அவற்றிலிருந்து தோலையும் தசையையும் துளைத்துக்கொண்டு கம்பிகள் எலும்புக்குள் இறங்கும். வளையத்துக்கும் வளையத்துக்கும் இடையே மரை வெட்டிய தண்டுகள், ஒவ்வொரு தண்டிலும் ஒரு நட்டு. நட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் வளையம் 1 மில்லிமீட்டர் விலகும். கால்வாசிச் சுற்றுக்கு 0.25 மில்லிமீட்டர். வளையம் விலகும் அளவுக்கே உள்ளே வெட்டிவிடப்பட்ட எலும்பின் இரண்டு துண்டுகளும் விலகும். காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு முறை திருப்பினால் அன்றைய கணக்கு முடிந்தது.

இந்த நட்டைத் திருப்புவது அம்மாவோ அப்பாவோதான். அதனால்தான் இந்தச் சிகிச்சையின் சிக்கல்களைப் பற்றி வீட்டில் இருப்பவர்களுக்கு விவரமாகத் தெரிந்திருக்க வேண்டும். அறுவை அரங்கில் கழியும் சில மணி நேரத்தில் வருவதைவிட, அடுத்த ஐந்தாறு மாதங்களில் வீட்டில் தலைகாட்டும் சிக்கல்கள் அதிகம். மருத்துவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறார். இடைப்பட்ட நாட்களில் முழங்கால் நேற்றைவிடக் கொஞ்சம் குறைவாக மடங்குகிறது, கட்டைவிரல் மந்தமாக அசைகிறது என்பதைப் பார்க்கக்கூடியவர் வீட்டில் இருப்பவர் மட்டுமே.

நாளுக்கு 1 மில்லிமீட்டர் என்ற அளவு எளிதில் வந்ததில்லை. இத்தாலியின் பொலோனியா நகரில் அலெஸ்ஸாந்த்ரோ கொடிவில்லா 1905-ல் தொடை எலும்பை நீட்டிய அனுபவங்களை வெளியிட்டார். எலும்பை வெட்டி, குதிகால் எலும்பில் ஊசி செருகி, மயக்க நிலையில் பெரும் விசையோடு இழுத்து, மாவுக்கட்டுப் போடுவது அவர் முறை. நோயாளிகளில் சிலருக்கு வலிப்பு வந்தது. எலும்பை எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்துவிடலாம், உடம்பின் மற்ற பாகங்கள் அதற்கு இடம் கொடுக்கா என்பது அன்றைக்கே தெரிந்துபோனது. ஆனாலும் அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேல் மருத்துவர்கள் வேகமாக இழுக்கத்தான் முயன்றார்கள். ஜெர்மனியின் ஹெய்ன்ஸ் வாக்னர் முறையில் எலும்பை நீட்டிவிட்டு, நடுவில் விழுந்த இடைவெளியை இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டுகளால் நிரப்பித் தகடு வைக்க வேண்டியிருந்தது. குழந்தைக்கு ஒரு நீட்டிப்புக்குப் பல அறுவைகள்.

நிலைமையை மாற்றியவர் சைபீரியாவின் குர்கான் நகரில் பணியாற்றிய கவ்ரீல் இலிசரோவ். 1950-களின் தொடக்கத்திலேயே வளையமும் கம்பியும் கொண்ட சட்டத்தை உருவாக்கிவிட்டார். பிறகு நாய்களில் ஆண்டுக்கணக்கில் சோதனை செய்தார். நாளுக்கு 0.5 மில்லிமீட்டர் இழுத்தபோது எலும்பு சீக்கிரமே கூடி அடைத்துக்கொண்டது. 2 மில்லிமீட்டர் இழுத்தபோது புது எலும்பு சரியாக வளரவில்லை, தசையும் நரம்பும் பாதிக்கப்பட்டன. 1 மில்லிமீட்டரில் எல்லாம் ஒத்துப்போயின. அந்த ஒரு மில்லிமீட்டரையும் ஒரே தடவையாக இழுக்காமல் நான்காகப் பிரித்தால் இன்னும் நன்றாக இருந்தது. தானியங்கிக் கருவி வைத்து நாளுக்கு 60 சிறு அசைவுகளாக இழுத்தால் அதைவிடவும் நன்றாக. உயரம் தாண்டுதலில் 1964 டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் வென்ற வலேரி புருமெல், மோட்டார் சைக்கிள் விபத்தில் நொறுங்கிய காலோடு இவரிடம்தான் வந்து சேர்ந்தார். இத்தாலிய மலையேற்ற வீரர் கார்லோ மவுரி 1980-ல் குர்கான் போய்க் குணமாகித் திரும்பியதும், மறு ஆண்டே இலிசரோவ் இத்தாலிக்கு அழைக்கப்பட்டார். மேற்கு நாடுகள் இந்த முறையைக் கற்றது அதன் பிறகுதான்.

வீட்டில் நட்டைத் திருப்பும் பெற்றோருக்கு இந்த வரலாற்றில் ஒரு நேரடிப் பாடம் இருக்கிறது. 'நேற்று ஊருக்குப் போனதில் இரண்டு முறை விட்டுப்போச்சு, இன்னைக்குச் சேர்த்துத் திருப்பிடலாம்' என்று எண்ணுவது மிகப் பெரிய தவறு. விட்டுப்போனதை ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி தொடர வேண்டும். எதிர்த் திசையில் திருப்பிவிடுவதும் நடக்கிறது. நட்டின் ஒரு முகத்தில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்து, திருப்ப வேண்டிய பக்கம் பார்த்து வளையத்தில் அம்புக்குறி வரைந்துவிட்டால் தூக்கக் கலக்கத்தில் திருப்பினாலும் தவறாது. நாள், நேரம், திருப்பியவர் பெயர் என்று ஒரு நோட்டுப் புத்தகம் சுவரில் தொங்கட்டும். ஆறு தண்டுகள் சாய்வாக நிற்கும் டெய்லர் சட்டம் என்றால், ஒவ்வொரு தண்டுக்கும் தனி நிறமும் தனி எண்ணும் இருக்கும். கணினி அச்சிட்டுத் தரும் அட்டவணைப்படி ஒவ்வொன்றையும் வைக்க வேண்டும். அங்கே ஒரு தண்டின் எண் மாறினாலும் எலும்பு கோணும்.

கால நீளத்தையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அறுவை முடிந்து ஒரு வாரம் போல எதையும் திருப்பாமல் விடுவார்கள். பிறகு 5 சென்டிமீட்டர் நீட்ட வேண்டுமென்றால் 50 நாள் திருப்ப வேண்டும். அதோடு சட்டம் கழன்றுவிடும் என்று நினைக்கும் குடும்பங்கள் உண்டு. மனம் உடைவது அந்த இடத்தில்தான். நீட்டி முடித்த இடத்தில் புது எலும்பு இறுகுவதற்கு, நீட்டிய காலத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு ஆகும். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மாதம் என்று மொத்தக் கணக்குப் போட்டுக்கொண்டால் அதிகம் பிசகாது. சில குழந்தைகளுக்கு இன்னும் கூடும். பள்ளியின் ஒரு கல்வியாண்டில் பாதி.

நீட்டிப்பில் எதிர்ப்படும் இடையூறுகளை அறுவை மருத்துவர் ட்ரோர் பேலி 1990-ல் மூன்றாகப் பிரித்தார். அறுவையில்லாமல் சிகிச்சைக் காலத்துக்குள்ளேயே சரியாகிவிடுபவை முதல் வகை. சரிசெய்ய இன்னொரு அறுவை தேவைப்பட்டாலும், சிகிச்சை முடிவதற்குள் தீர்ந்துவிடுபவை இரண்டாவது. சிகிச்சை முடிந்த பிறகும் தங்கிவிடுபவையும், அறுவையின்போதே நேரும் காயங்களும் மூன்றாவது வகை. உண்மையான சிக்கல் என்று அவர் சொன்னது இதைத்தான். 'சிக்கல் ஏதும் வருமா, டாக்டர்?' என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். 'இதில் எவையெல்லாம் தானாகச் சரியாகும், எதற்கு மறுபடி மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும், எது தங்கிவிடலாம்?' என்று பிரித்துக் கேட்கும் பெற்றோருக்குத் தெளிவான பதில் கிடைக்கும். முதல் வகை ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் வரும். அதைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. யாருக்கும் எதுவும் வராது என்று சொல்பவரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகம் வருவது கம்பி இறங்கும் துளையில் புண். தோல் அசைகிறது, கம்பி அசைவதில்லை. அந்த உரசலில் சிவந்து, நீர் கசிந்து, கவனிக்காவிட்டால் சீழ் வைக்கும். தெளிந்த நீர் கொஞ்சம் கசிவது வழக்கம். சுற்றிலும் சிவந்து தொட்டால் வலிப்பது, கசிவு கலங்கலாகவோ மஞ்சளாகவோ மாறுவது, காய்ச்சல் இவை தொற்றின் அடையாளம். பெரும்பாலும் சில நாள் ஆன்டிபயாடிக் மருந்திலேயே அடங்கிவிடும். அடங்காமல் கம்பி தளர்ந்து ஆடத் தொடங்கினால், அந்தக் கம்பியை எடுத்துவிட்டு வேறிடத்தில் போட நேரும். எலும்புக்குள்ளேயே தொற்று இறங்குவது அரிது. ஆனால் இறங்கினால் நீண்ட சிகிச்சை.

துளையைச் சுத்தம் செய்வதில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி முறை வேறுபடும். சிலர் தினமும் உப்பு நீரால் துடைக்கச் சொல்வார்கள், சிலர் குளோர்ஹெக்ஸிடின் கரைசலில் நனைத்த துணியைச் சுற்றி வாரம் ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். எந்த முறையானாலும், கம்பியைச் சுற்றித் துணியை இறுக்கமாகச் சுற்றித் தோல் அசையாமல் பிடித்துவைப்பது பலன் தரும். மஞ்சள், வேப்பிலை, தேங்காய் எண்ணெய் எதையும் துளையில் பூசக் கூடாது. பாட்டியின் அன்பு பெரிதுதான், ஆனால் அந்தத் துளை நேராக எலும்புக்குப் போகிற வழி. ஒவ்வொரு துளைக்கும் தனித்தனிப் பஞ்சு. ஒன்றைத் துடைத்த பஞ்சு அடுத்ததைத் தொடக் கூடாது.

துளைப் புண் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோரும் அதையே கவனிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்து, கடைசியில் குழந்தையின் நடையையே கெடுக்கக்கூடியது தசை இறுக்கம். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால், பெற்றோர் இதை வைத்துக்கொள்ளட்டும். எலும்பு தானாக வளர்ந்து இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். தசைக்கு அந்த வேகம் கிடையாது. எலும்பு நீள நீளத் தசை நாணாக இறுகி, மூட்டை ஒரு பக்கமாக இழுக்கும்.

எந்த எலும்பை நீட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து இழுக்கும் பக்கம் மாறும். கீழ்க்கால் எலும்பை நீட்டினால் கெண்டைக்கால் தசை இறுகும். பாதத்தைக் கீழ்நோக்கி இழுத்து, குழந்தை முன்பாதத்தில் மட்டும் நிற்பதுபோல் ஆகிவிடும். முழங்காலும் மடங்கியபடி நிற்கும். தொடை எலும்பை நீட்டினால் முன்தொடைத் தசை முழங்காலை மடக்கவிடாது. பின்தொடைத் தசை அதை முழுதாக நீட்டவும் விடாது. இரண்டுக்கும் நடுவே மூட்டு விறைத்துப்போகும்.

இங்கே ஒரு சிறிய, முக்கியமான விஷயம். வலியில் தவிக்கும் குழந்தைக்கு முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் கொடுப்பது எந்தத் தாயும் செய்வதுதான். கால் மடங்கியிருந்தால் தசை தளர்ந்து வலி உடனே குறையும். ஆனால் இரவு முழுக்க அப்படியே கிடந்தால் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகத் தொடங்கும், ஒரு மாதத்தில் நீட்டவே வராது. தலையணை வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும். முழங்கால் காற்றில் தொங்கி, தன் எடையிலேயே நேராகும். குழந்தை முனகும். முதல் சில இரவுகளுக்குப் பிறகு பழகிக்கொள்ளும். பாதம் கீழே விழாமல் இருக்க, உள்ளங்காலில் ஒரு பலகையோ செருப்போ கட்டி, பட்டையால் சட்டத்தோடு இழுத்துக் கட்டி வைப்பார்கள். அதைக் குளிக்கும்போதும் பயிற்சியின்போதும் தவிர மற்ற நேரத்தில் கழற்றக் கூடாது.

பிசியோதெரபியைச் சிகிச்சையின் துணை வேலையாகப் பலர் நினைக்கிறார்கள். நீட்டிப்பில் அதுதான் சிகிச்சை. பிசியோதெரபிஸ்ட் வருவது வாரத்தில் சில நாள் என்றாலும், தசையை இழுத்துவிடும் பயிற்சி வீட்டில் தினமும் பல தடவை நடக்க வேண்டும். வலிமாத்திரை கொடுத்து அரை மணி நேரம் கழித்துப் பயிற்சியைத் தொடங்கினால் குழந்தை ஒத்துழைக்கும். மாத்திரையையும் மருத்துவர் எழுதியதையே கொடுக்க வேண்டும். கடையில் கேட்டவுடன் கிடைக்கும் ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் வகை மருந்துகள் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால் பல அறுவை மருத்துவர்கள் இந்தக் காலத்தில் அவற்றைத் தவிர்க்கிறார்கள். தொடை நீட்டிப்பில் முழங்கால் மடங்குவது 45 டிகிரிக்குக் கீழே போனால் நீட்டுவதை நிறுத்திவிட்டுத் தசையைக் கவனிப்பது வழக்கம். குறித்த நீளம் இன்னும் ஒரு சென்டிமீட்டர் பாக்கி இருக்கலாம். இருக்கட்டும். மடங்காத முழங்காலோடு சமமாக இருக்கும் காலைவிட, ஒரு சென்டிமீட்டர் குறைவாக இருந்து நன்றாக மடங்கும் கால் பல மடங்கு மேல். அந்த ஒரு சென்டிமீட்டருக்குச் செருப்புக்குள் ஒரு அட்டை போதும்.

இறுக்கம் முற்றினால் மூட்டே நழுவும். பிறவியிலேயே தொடை எலும்பு குட்டையாக இருக்கும் குழந்தைகளுக்கும், கீழ்க்காலின் வெளிப்புறச் சிற்றெலும்பு இல்லாத குழந்தைகளுக்கும் இந்த ஆபத்து அதிகம். அவர்களில் பலருக்கு முழங்காலுக்குள் இருக்கும் சிலுவைத் தசைநார்களும் பலவீனமாகவோ இல்லாமலோ இருக்கும். தொடையை நீட்டும்போது பிடித்துவைக்க ஆள் இல்லாததால் கீழ்க்கால் எலும்பு பின்னோக்கிச் சரிந்துவிடும். இதைத் தடுக்க, முழங்காலுக்குக் கீழும் ஒரு வளையம் போட்டுக் கீல் வைத்து இணைப்பது உண்டு. கால் மடங்கும், நழுவாது. இடுப்பிலும் இதே கதை. தொடையெலும்பின் தலையை மூடும் கிண்ணம் ஆழம் குறைந்திருந்தால், நீட்டும்போது தலை வெளியே தள்ளப்படும். ஆகவே முதலில் கிண்ணத்தைச் சரிசெய்து, ஓராண்டு போலக் காத்திருந்து, பிறகுதான் நீட்டுவார்கள். 'காலுக்கு ஆபரேஷன் என்று வந்தால் முதலில் இடுப்பில் செய்யணும்னு சொல்றாங்களே' என்று குழம்பும் பெற்றோருக்கு, அதுதான் சரியான வரிசை என்று உறுதியாகச் சொல்லலாம்.

நரம்பு அடுத்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், சிற்றெலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு இறங்குகிறது. பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்கும் வேலை அதனுடையது. கீழ்க்கால் நீட்டிப்பில் அதிகம் இழுபடுவது இதுதான். அடையாளங்கள் பெரும்பாலும் ஒரு வரிசையில் வரும். முதலில் பாதத்தின் மேற்புறத்தில் எரிச்சல், போர்வை பட்டாலே கூச்சம், பிறகு மரத்துப்போதல், பிறகு கட்டைவிரலைத் தூக்க முடியாமை. காலையும் மாலையும் பல் தேய்ப்பதுபோல ஒரு பழக்கமாக, 'கட்டைவிரலை மேல தூக்கு பார்ப்போம்' என்று கேட்டு, இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாதத்தின் மேல் விரலால் தடவி 'ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கா?' என்றும் கேட்க வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் அடுத்த முறை நட்டைத் திருப்பாமல் முதலில் ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்ல வேண்டும். எரிச்சல் நிலையிலேயே கண்டுபிடித்தால், வேகத்தைப் பாதியாகக் குறைத்தோ சில நாள் நிறுத்தியோ பெரும்பாலும் நரம்பை மீட்டுவிடலாம். விரல் தொங்கிய பிறகு வந்தால், நரம்பை நெருக்கும் சவ்வைத் திறந்துவிடும் அறுவை தேவைப்படலாம்.

அறுவை முடிந்த முதல் சில நாட்களில், எந்த மருந்துக்கும் கேட்காத வலி, கீழ்க்கால் கல்லாக இறுகிப்போதல், விரலை லேசாக நீட்டினாலே குழந்தை அலறுதல் ஆகியவை தென்பட்டால் மணிக்கணக்கில்கூடக் காத்திருக்கக் கூடாது. தசைக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைபடும் நிலை அது. நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நீட்டும் நாட்களில் சில குழந்தைகளுக்கு இரத்த அழுத்தம் ஏறுவதும் உண்டு. ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

இனி எலும்பு. புது எலும்பு எக்ஸ்ரேயில் முதலில் பஞ்சு படர்ந்ததுபோல் தெரியும், பிறகு நீளவாக்கில் கோடுகளாகத் திரளும், கடைசியாக வெளி விளிம்பில் வெள்ளைக் கோடு விழும். இதில் இரண்டு வகையில் பிசகலாம். குழந்தைகளின் எலும்பு வேகமாகக் கூடுவது. ஆகவே நீட்டி முடிப்பதற்குள் இடைவெளி அடைத்துக்கொள்ளலாம். கீழ்க்கால் நீட்டிப்பில், கூடவே வெட்டிவிட்ட சிற்றெலும்பு முந்திக்கொண்டு கூடுவது இப்படித்தான். நட்டைத் திருப்பவே கடினமாக இருக்கும், வலி திடீரென அதிகமாகும், கம்பிகள் வில்லாக வளையும். அப்போது மறுபடி எலும்பை வெட்டிவிட வேண்டியிருக்கும். இதற்கு நேர்மாறாக, எலும்பு உருவாவதே மெதுவாக இருந்தால் வேகத்தைக் குறைப்பார்கள், சில சமயம் நீட்டியதைக் கொஞ்சம் சுருக்கி மீண்டும் நீட்டுவார்கள். வைட்டமின் டி குறைபாடு இருந்தால் அறுவைக்கு முன்பே சரிசெய்துகொள்வது நல்லது. வீட்டில் யாரும் புகைக்கக் கூடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எலும்பு கோணுவதும் உண்டு. தசைகள் எல்லாப் பக்கமும் சமமாக இழுப்பதில்லை என்பதால் கீழ்க்கால் எலும்பு மேற்பகுதியில் நீளும்போது முன்பக்கமாக வளைந்து, பாதம் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். சட்டம் காலில் இருக்கும்வரை இதைத் திருத்திவிடலாம். அதனால்தான் இரண்டு வாரத்துக்கு ஒரு எக்ஸ்ரே. 'போன தடவைதானே எடுத்தோம்' என்று ஒரு முறையைத் தவிர்ப்பது, வெளியூரிலிருந்து பஸ்ஸில் ஏறி வரும் குடும்பத்துக்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் புது எலும்பு இளசாக இருக்கும்போது வளைவைத் திருத்துவது நட்டின் வேலை; இறுகிய பிறகு அது மறுபடி கத்தியின் வேலை.

இவ்வளவு கம்பியும் வளையமும் இல்லாமல் முடியாதா என்ற கேள்வி எழுவது இயல்பு. எலும்பின் உட்குழாயில் வைக்கும் காந்த ஆணி இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு கருவியைத் தொடைமேல் வைத்தால், அதிலுள்ள காந்தங்கள் சுழன்று உள்ளே ஆணியை நீட்டும். பிரெசைஸ் என்ற இந்த வகை ஆணிக்கு அமெரிக்காவில் 2011-ல் அனுமதி கிடைத்தது. துளைப் புண் கிடையாது. தசையில் கம்பி குத்தி நிற்காததால் பயிற்சியும் எளிது. இதற்குத் தகுதியான வயதும் எலும்பும் இருக்கும் பிள்ளைக்கு இது பெரிய விடுதலைதான். ஆனால் சிறு குழந்தைகளுக்கு எலும்பின் குழாய் குறுகலாக இருக்கும். கீழ்க்கால் எலும்பில் ஆணியை இறக்கினால் முழங்காலடியில் இருக்கும் வளர்ச்சித்தட்டைத் துளைத்துக்கொண்டுதான் போக வேண்டும். தொடையில் ஆணி இறக்கும் வாசல் கொஞ்சம் தப்பினால் தொடையெலும்புத் தலைக்குப் போகும் இரத்தக் குழாய் பாதிக்கப்பட்டு, தலை செத்துப்போகும் ஆபத்து இருக்கிறது. குழந்தைகளுக்குப் பக்கவாட்டு முனையிலிருந்து இறக்குவது அதனால்தான். எலும்பு இறுகும்வரை முழு எடையையும் ஊன்றக் கூடாது. ஆணி உள்ளே இருக்கும்வரை எம்ஆர்ஐ எடுக்கவும் கூடாது. தசை இறுக்கம், நரம்பு, மூட்டு நழுவுதல் இவை மூன்றும் ஆணியிலும் அப்படியே இருக்கின்றன.

புதிதாக வந்தது என்பதாலேயே ஒரு கருவி பாதுகாப்பானதாகிவிடாது என்பதற்கு அதே குடும்பத்து ஸ்ட்ரைடு ஆணி ஒரு பாடம். டைட்டானியத்துக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகில் செய்யப்பட்டு, அதிக எடை தாங்கும் என்று 2018-ல் வந்தது. ஆணியின் இரண்டு பாகங்களும் சேரும் இடத்தருகே எலும்பு கரைவதும் தடிப்பதும் எக்ஸ்ரேக்களில் தெரியத் தொடங்கியது, சிலருக்கு வலியும் வந்தது. 2021 தொடக்கத்தில் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. எந்தக் கருவி, எந்த உலோகம், எத்தனை ஆண்டாக இதே மருத்துவர் இதைக் குழந்தைகளுக்கு வைத்து வருகிறார் என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

இத்தனையும் படித்த பிறகு, நீட்டாமலே இருக்க வழி உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். உண்டு. இரண்டு கால்களின் நீள வித்தியாசம் 2 சென்டிமீட்டருக்குள் என்றால் செருப்பில் உயரம் வைப்பதே போதும், பல பேருக்கு அதுவும் தேவைப்படாது. 2 முதல் 5 சென்டிமீட்டர்வரை என்றால், நீளமான காலின் முழங்கால் வளர்ச்சித்தட்டைச் சரியான வயதில் நிறுத்திவிட்டு, குட்டைக் கால் எட்டிப்பிடிக்க விடலாம். சிறிய தழும்பு, சில நாள் ஓய்வு, அவ்வளவே. 'நல்ல காலில் ஏன் கை வைக்கணும்?' என்ற தயக்கத்தில் இதை மறுக்கும் குடும்பங்கள் ஏராளம். ஆறு மாதச் சட்டத்தையும் அதன் சிக்கல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தத் தயக்கத்துக்கு வலு இல்லை. ஆனால் இதற்குக் குழந்தையின் வளர்ச்சி மீதி இருக்க வேண்டும், ஆகவே பருவம் தவறக் கூடாது. பாதமே சரியாக உருவாகாத கடுமையான பிறவிக் குறைபாட்டில், பாதத்தை நீக்கிச் செயற்கைக் கால் பொருத்துவதும் ஒரு மரியாதையான வழிதான். ஒரே அறுவை, சில மாதங்களில் ஓட்டம். கேட்கவே நெஞ்சு நடுங்கும் என்றாலும், அப்படி ஒரு வழி இருப்பதைப் பெற்றோருக்குச் சொல்லாமல் விடக் கூடாது.

வித்தியாசம் எவ்வளவு என்பதை இன்றைய அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது. பிறவிக் குட்டைக் கால், மற்றக் காலின் வளர்ச்சிக்குத் தக்க விகிதத்தில் பின்தங்கிக்கொண்டே போகும். பேலியின் பெருக்கல் முறையில் ஆண் குழந்தைக்கு ஏறத்தாழ 4 வயதிலும் பெண் குழந்தைக்கு 3 வயதிலும் பெருக்கெண் 2. அதாவது 4 வயதுப் பையனுக்கு இன்று 3 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால், வளர்ந்து முடிக்கும்போது 6 ஆகும். பிறந்த ஆண் குழந்தைக்குப் பெருக்கெண் 5-ஐத் தொடும். 12 சென்டிமீட்டர் வரும் என்று கணக்குச் சொன்னால், அதை ஒரே தடவையில் நீட்ட முடியாது. ஒரு தடவைக்கு 5 சென்டிமீட்டர் போல, அல்லது எலும்பின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொண்டால் சிக்கல்கள் கட்டுக்குள் இருக்கும். அதற்கு மேல் போகப்போகத் தசையும் மூட்டும் விலை கொடுக்கும். எனவே சில ஆண்டு இடைவெளியில் இரண்டு மூன்று நீட்டிப்புகள் என்று குழந்தைப் பருவம் முழுமைக்கும் ஒரு திட்டம் போட வேண்டியிருக்கும்.

திட்டம் போடும்போது குழந்தையையும் கூட உட்கார வைக்க வேண்டும். நான்கு வயதுக் குழந்தை சட்டத்தை ஒரு வாரத்தில் மறந்து தவழ்ந்து விளையாடும். பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது அவமானமாகவும் சிறையாகவும் தோன்றலாம். சாப்பாடு குறைவது, இரவில் தூங்காமல் கிடப்பது, நட்டைத் திருப்பும் நேரம் நெருங்கும்போதே எரிந்து விழுவது ஆகியவற்றையும் துளையில் வரும் சீழுக்குச் சமமாகக் கருதி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஸ்பேனரைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, பக்கத்திலிருந்து மேற்பார்வை பார்ப்பது பல வீடுகளில் பலன் தருகிறது. தன் காலை யாரோ இழுக்கிறார்கள் என்ற எண்ணம் போய்விடும். பேன்ட்டின் பக்கத் தையலைப் பிரித்து வெல்க்ரோ ஒட்டினால் சட்டத்தின் மேலேயே போட்டுக்கொள்ளலாம். வகுப்பறை மாடியில் இருந்தால் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லிப் பள்ளியில் முன்பே பேசிவைக்க வேண்டும். வீட்டில் உட்காரும் கழிப்பறை இல்லையென்றால் கமோடு நாற்காலி ஒன்றை அறுவைக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். சட்டம் போட்ட காலோடு குந்த முடியாது. வளையச் சட்டம் என்றால் மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்குக் காலை ஊன்றி நடப்பது அவசியம். நடந்தால்தான் புது எலும்பு இறுகும்.

கடைசிச் சிக்கல், எல்லாம் முடிந்தது என்று மூச்சு விடும்போது வருவது: சட்டத்தைக் கழற்றிய பிறகு புது எலும்பு முறிவது. முன்பக்கத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த இரண்டு எக்ஸ்ரேயில் தெரியும் நான்கு விளிம்புகளில், மூன்றிலாவது முழு வெள்ளைக் கோடு விழுந்த பிறகே சட்டத்தைக் கழற்றுவது வழக்கம். அப்போதும் எலும்பு பழைய பலத்துக்கு வந்திருக்காது. பிறவிக் குறைபாடு உள்ள எலும்பில் ஆபத்து இன்னும் கூடுதல். அதனால் சிலர் கழற்றும்போதே எலும்புக்குள் மெல்லிய கம்பி ஒன்றை இறக்கிவைப்பார்கள். இல்லையென்றால் சில வாரம் மாவுக்கட்டு அல்லது பிரேஸ். சுருங்கிப்போன தசையை உருவிவிட நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போகும் ஆசை வீட்டுப் பெரியவர்களுக்கு அப்போதுதான் எழும். அந்த எலும்பை யாரும் பிடித்து அழுத்தவோ, முழங்காலை வலுக்கட்டாயமாக மடக்கவோ கூடாது. முறிவது இதனாலும் நடக்கிறது. ஊன்றுகோலை ஒவ்வொன்றாக விட்டு, பிறகு நீச்சல், பிறகு சைக்கிள் என்று படிப்படியாகப் போய், ஓட்டமும் கபடியும் எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் ஒப்புதல் சொன்ன பிறகு. கழற்றிய காலில் திடீரென வலி வந்து, குழந்தை அதை ஊன்ற மறுத்தால், தசைப்பிடிப்பாக இருக்கும் என்று தைலம் தேய்க்காமல் அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.